‘நீங்க எந்தப் பக்கம்?’ - கடலூரிலும் சிதம்பரத்திலும் தெருவுக்குத் தெரு மாறும் பாகுபாடு... முழு விளக்கம்

கடலூரிலோ சிதம்பரத்திலோ புதுசா ஒருத்தர்கிட்ட பேச ஆரம்பிச்சா, பேர், ஊருக்கு அடுத்து வர்ற கேள்வி பெரும்பாலும் இதுதான்: "நீங்க எந்தப் பக்கம்?"

கேட்பவர் சாதாரணமாகத்தான் கேட்பார். ஆனால் பதில் சொல்பவரில் ஒரு பகுதியினர் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் சொல்வார்கள். ஏனென்றால் நம் ஊர்களில் தெருப் பெயர் என்பது விலாசம் மட்டும் இல்லை. சாதி, மதம், வேலை, வசதி என நாலைந்து விஷயங்களை அது ஒரே மூச்சில் சொல்லிவிடும்.

பாகுபாடு என்றாலே எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடப்பதாக நினைக்கிறோம். ஆனால் ஒரே மாவட்டத்துக்குள், ஒரே சாதிச் சான்றிதழ் வைத்திருக்கும் இரண்டு பேருக்கு, அவர்கள் வசிக்கும் இடத்தைப் பொறுத்து முற்றிலும் வேறு அனுபவம் கிடைக்கிறது. ஒருவருக்கு நாற்காலி கிடைக்காது. இன்னொருவருக்கு வாடகை வீடு கிடைக்காது. மூன்றாமவருக்கு இரண்டுமே கிடைக்கும், ஆனால் நிவாரணப் பட்டியலில் பெயர் இருக்காது.

இதை ஏன் இப்போது பேச வேண்டும்? இரண்டு காரணங்கள். தெருப் பெயர்களில் இருந்து சாதியை நீக்கும் நடவடிக்கையை தமிழ்நாடு அரசு 2025-ல் தொடங்கியது. அதே ஆண்டு ஏப்ரல் 30-ம் தேதி, அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் கணக்கெடுக்கப்படும் என மத்திய அரசு அறிவித்தது. எந்தத் தெருவில் யார் வசிக்கிறார்கள் என்பது விரைவில் எண்ணிக்கையாக வரப்போகிறது. அந்த எண்ணிக்கையை வைத்து எதைப் பார்க்கப் போகிறோம் என்பதுதான் கேள்வி. பார்க்கலாம்.

முதலில் சில எண்கள்

1993-ல் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தைப் பிரித்தபோது உருவானது கடலூர் மாவட்டம். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 26 லட்சம். இதில் பட்டியல் சாதியினர் சுமார் 29 சதவீதம். மாநில அளவில் இது 20 சதவீதம்தான். அதாவது, கடலூர் மாவட்டத்தில் பத்தில் கிட்டத்தட்ட மூன்று பேர் பட்டியல் சாதியினர். பழங்குடியினர் ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

கடலூர் 2021-ல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது, 45 வார்டுகள். சிதம்பரம் நகராட்சியில் 33 வார்டுகள். சிதம்பரம் மக்களவைத் தொகுதி பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதி. தொல்.திருமாவளவன் 2009, 2019, 2024 என மூன்று முறை இங்கிருந்து வென்றிருக்கிறார்.

எண்ணிக்கையில் குறைவில்லை, அரசியலில் குரலும் இருக்கிறது. அப்படி இருந்தும் பாகுபாடு ஏன் போகவில்லை? அதற்கு ஊரின் வரைபடத்தைப் பார்க்க வேண்டும்.

இந்த எல்லைகளைப் போட்டது யார்?

கடலூரில் குண்டு சாலை, குண்டு உப்பலவாடி என்று பெயர்கள் இருக்கின்றன. 1690-ல் கிழக்கிந்திய கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியரிடம் இருந்து வாங்கியது. கோட்டையில் இருந்து பீரங்கியால் சுட்டு, குண்டு போய் விழும் தூரம் வரைக்கும் உள்ள கிராமங்கள் கம்பெனிக்கு என்பது ஒப்பந்தம். அந்தக் கோட்டைதான் செயின்ட் டேவிட் கோட்டை. அங்கே வாழ்ந்த மக்களை யாரும் கேட்கவில்லை. எல்லையை முடிவு செய்தது பீரங்கி.

அதன்பிறகு மஞ்சக்குப்பம் பக்கம் ஆட்சியர் அலுவலகம், நீதிமன்றம், மைதானம் என அதிகாரத்தின் பகுதியாக வளர்ந்தது. முதுநகர் துறைமுகமும் வணிகமும் சார்ந்த பகுதியானது. திருப்பாதிரிப்புலியூர் கோயிலையும் கடைத்தெருவையும் சுற்றி வளர்ந்தது. கடலோரம் மீனவ கிராமங்கள். இவற்றுக்கு இடையிலும் வெளியிலும், வயல் ஓரமாக, ஆற்றங்கரையாக, தாழ்வான நிலமாகப் பார்த்து அமைந்தவை தலித் குடியிருப்புகள். நகரம் வளர வளர அவையும் வார்டுகளாகிவிட்டன. ஆனால் ‘ஊர்’ வேறு, ‘காலனி’ வேறு என்ற பேச்சு மட்டும் மாறவில்லை.

சிதம்பரத்தின் கதை இன்னும் பழையது. நடராஜர் கோயில் நடுவில், சுற்றி நான்கு தேரோடும் வீதிகள், அதைச் சுற்றி மற்ற தெருக்கள். கோயிலுக்கு எவ்வளவு பக்கம் என்பதே அந்தஸ்தின் அளவுகோலாக இருந்த ஊர் இது.

12-ம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரிய புராணத்தில் வரும் நந்தனார், ஆதனூரில் இருந்து தில்லைக்கு வருகிறார். ஆனால் ஊருக்குள் நுழையாமல் எல்லையையே சுற்றிச் சுற்றி வருகிறார். கோயில் கதவுக்கு முன்பே, ஊர் எல்லையிலேயே தடை தொடங்கிவிட்டது என்பதை அந்தக் கதையே சொல்லிவிடுகிறது.

அந்த நந்தனார் பெயரிலேயே 1916-ல் சிதம்பரத்தில் கல்விக் கழகம் தொடங்கினார் சுவாமி சகஜானந்தர். ஒடுக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பள்ளியும் விடுதியும் தந்தார். சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்த அவர் 1959-ல் மறைந்தார். ஒரு குடியிருப்புக்குள் பள்ளிக்கூடம் வந்தால் அந்தப் பகுதியின் பெயருக்கே எப்படி மரியாதை வரும் என்பதற்கு சிதம்பரம் ஒரு சாட்சி.

ஒரே மாவட்டம், ஐந்து இடங்கள், ஐந்து அனுபவங்கள்

1. கோயில் வாசலில்: அருகில் போகும் உரிமை

சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் 1947-லேயே வந்துவிட்டது. ஆகவே இன்றைக்கு சிதம்பரம் கோயிலுக்குள் யாரும் போகலாம். ஆனால் உள்ளே எதுவரைக்கும் போகலாம் என்பது இன்னும் பிரச்சினையாகவே இருக்கிறது.

2022 பிப்ரவரியில், கனகசபை மீது ஏறி வழிபட முயன்ற பட்டியல் சாதிப் பெண் ஒருவரைத் தடுத்து, சாதியைச் சொல்லித் திட்டியதாகப் புகார் எழுந்தது. தீட்சிதர்கள் 20 பேர் மீது வன்கொடுமை தடுப்புச் சட்டத்தில் வழக்கு பதிவானது. தீட்சிதர்கள் தரப்பு புகாரை மறுத்தது. அதே ஆண்டு மே 17-ம் தேதி, பக்தர்கள் கனகசபையில் ஏறி வழிபடலாம் என தமிழ்நாடு அரசு அரசாணை வெளியிட்டது. 2023 ஜூனில் ஆனித் திருமஞ்சனத்தின்போது மறுபடியும் தடைப் பலகை வைக்கப்பட, அறநிலையத்துறை அதிகாரிகள் அதை அகற்றினார்கள்.

2014-ல் உச்ச நீதிமன்றம் கோயில் நிர்வாகம் பொது தீட்சிதர்களிடமே இருக்கும் எனத் தீர்ப்பளித்தது. ஆகவே இது நிர்வாக உரிமையும் வழிபாட்டு உரிமையும் மோதும் இடம். இங்கே நடப்பது நேருக்கு நேராக, எல்லோரும் பார்க்க நடக்கும் விஷயம். அதனால்தான் புகார் வருகிறது, வழக்கு வருகிறது, செய்தி வருகிறது.

2. ஊராட்சி அலுவலகத்தில்: உட்காரும் உரிமை

சிதம்பரத்தில் இருந்து தூரமில்லை, புவனகிரி ஒன்றியத்தில் இருக்கிறது தெற்கு திட்டை. தலைவர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சி. 2020 அக்டோபரில் ஒரு புகைப்படம் தமிழ்நாட்டையே அதிர வைத்தது. கூட்டத்தில் உறுப்பினர்கள் நாற்காலியில், தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரோ தரையில்.

தேசியக் கொடி ஏற்றவும் தன்னை விடவில்லை என்று அவர் கூறினார். துணைத் தலைவர் உள்ளிட்டோர் மீது வன்கொடுமை தடுப்புச் சட்டத்தில் வழக்கு பதிவானது. ஊராட்சிச் செயலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். கவனிக்க வேண்டிய விஷயம், அந்தக் கூட்டம் நடந்தது சில மாதங்களுக்கு முன்பு. படம் வெளியே வந்த பிறகுதான் நடவடிக்கை வந்தது.

இது ஏதோ ஒரு ஊராட்சியோடு முடிந்த விஷயமும் இல்லை. 2022 சுதந்திர தினத்துக்கு முன்பு, பட்டியல் சாதி ஊராட்சித் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதி செய்யுமாறு எல்லா மாவட்ட ஆட்சியர்களுக்கும் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு கடிதம் எழுத வேண்டியிருந்தது.

இதே பெண் கடலூர் நகரத்தில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்த்திருந்தால் நாற்காலி மறுக்கப்பட்டிருக்குமா? அநேகமாக இருக்காது. அங்கே அவருக்கு வேறு பிரச்சினை வந்திருக்கும். அடுத்து அதுதான்.

3. நகரத்து வாடகை வீட்டில்: காரணம் சொல்லாத மறுப்பு

நகரத்தில் ‘உள்ளே வராதே’ என்று யாரும் சொல்வதில்லை. "வீடு இப்பதான் முடிஞ்சுது", "அட்வான்ஸ் வேற ஒருத்தர் குடுத்துட்டாங்க", "நாங்க சைவம்ங்க, சரிப்பட்டு வராது" என்றுதான் பதில் வரும். மறுநாளும் ‘டூ-லெட்’ பலகை அங்கேயே தொங்கும்.

சாதியோ மதமோ பேச்சில் வரவே வராது. ஆனால் சொந்த ஊர், சாப்பாடு, தாலுகா, கடைசியில் ‘எந்தப் பக்கம்’ என்று கேட்டே வேண்டியதைத் தெரிந்துகொள்வார்கள். இங்கே முஸ்லிம்களும் தலித்துகளும் ஒரே மாதிரி கதவுகளை எதிர்கொள்கிறார்கள்.

இது வெறும் பேச்சு இல்லை. பொருளாதார அறிஞர் சுகதேவ் தோரட் குழுவினர் டெல்லியைச் சுற்றிய பகுதிகளில் 2012-ல் நடத்திய ஆய்வில், வெவ்வேறு சமூகப் பெயர்களோடு வாடகை வீட்டு உரிமையாளர்களைத் தொடர்புகொண்டு பார்த்தார்கள். உயர்சாதிப் பெயர்களுக்கு மறுப்பே இல்லை. தலித், முஸ்லிம் பெயர்களுக்கு நேரடி மறுப்பும் கூடுதல் நிபந்தனையும் வந்தது. அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் முஸ்லிம் பெயரில் கேட்டவர்கள்.

4. சிப்காட் ஓரத்தில்: காற்றே பிரச்சினை

கடலூரில் இருந்து சிதம்பரம் போகும் சாலையில் பயணித்தவர்களுக்குத் தெரியும். முதுநகர் தாண்டியதும் ஒரு இடத்தில் பேருந்து ஜன்னலை மூடச் சொல்வார்கள். 1980-களில் உப்பனாற்றங்கரையில் அமைந்த சிப்காட் தொழிற்பேட்டை. சுற்றிலும் குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம், சொன்னஞ்சாவடி போன்ற கிராமங்கள்.

2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழிற்பகுதிகளை மதிப்பிட்டது. 70 மதிப்பெண்ணைத் தாண்டினால் ‘மிக மோசமாக மாசடைந்த பகுதி’. கடலூர் வாங்கியது 77.45.

இங்கே பல சாதிக்காரர்களும் இருக்கிறார்கள், மீனவர்கள் இருக்கிறார்கள். யாரும் யாரையும் பேர் சொல்லி அவமானப்படுத்தவில்லை. ஆனால் பேருந்துக்காரர் இரண்டு நிமிடம் மூடும் ஜன்னலை, அங்கே குடியிருப்பவர் நாள் முழுக்க மூடி வைக்க முடியாது. மஞ்சக்குப்பத்தில் இருப்பவருக்கு இல்லாத சுமை இது. இங்கே பாகுபாடு காட்டுவது எந்த மனிதரும் இல்லை, எதை எங்கே வைக்கலாம் என்று என்றைக்கோ எடுத்த முடிவு. அந்த முடிவின் மேல் எந்தக் காவல் நிலையத்தில் புகார் கொடுப்பது?

5. கடற்கரையில், கழிமுகத்தில்: பட்டியலில் இல்லாதவர்கள்

2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தேவனாம்பட்டினம் உள்ளிட்ட மீனவ கிராமங்கள் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டன. நிவாரணமும் அங்கே முதலில் போனது, அது சரிதான்.

ஆனால் மீனவ கிராமங்களுக்குப் பின்னால் இருந்த தலித் கூலித் தொழிலாளிகள், பிச்சாவரம் - கிள்ளை பக்கம் வாய்க்கால்களில் கையால் தடவி இறாலும் நண்டும் பிடிக்கும் இருளர்கள் ஆகியோருக்கு என்ன ஆனது? படகு இல்லை, அதனால் படகு இழப்பீடு இல்லை. மீனவர் சங்கத்தில் உறுப்பினர் இல்லை, அதனால் பட்டியலில் பெயர் இல்லை. சுனாமி நிவாரணத்தில் தலித்துகளுக்குப் பாகுபாடு காட்டப்பட்டதை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2005-ல் அறிக்கையாகவே வெளியிட்டது.

இருளர்களுக்கு இன்னொரு சுவரும் உண்டு, பழங்குடிச் சான்றிதழ். இதை வட்டாட்சியர் தர முடியாது, கோட்டாட்சியர் நிலையில்தான் விசாரித்துத் தர வேண்டும். அப்பாவுக்குச் சான்று இல்லை என்றால் பிள்ளைக்குக் கிடைப்பதும் இழுக்கும். அது இல்லாமல் உதவித்தொகையும் இல்லை, இடஒதுக்கீடும் இல்லை.

புகார் இல்லாத இடத்தில் பாகுபாடும் இல்லையா?

இதுதான் இந்த விஷயத்தின் மையமான கேள்வி.

ஒரு காவல் நிலைய எல்லையில் வன்கொடுமை வழக்குகள் நிறைய பதிவானால், ‘அந்தப் பக்கம் மோசம்’ என்கிறோம். வழக்கே இல்லை என்றால் ‘அமைதியான ஊர்’ என்கிறோம். இரண்டுமே தவறாக இருக்கலாம். ஏன்?

ஒன்று, உரசல் நடக்கும் இடத்தில்தான் அவமானம் வெளியே தெரியும். தன் குடியிருப்புக்குள்ளேயே வாழ்ந்து, அங்கேயே கடை, அங்கேயே உறவு என்று இருப்பவருக்கு நேரடி அவமானம் குறைவாக இருக்கலாம். அதே தெருவில் இருந்து படித்து, வேலைக்குப் போய், கலப்பான பகுதியில் வீடு தேடும் பிள்ளைக்குத்தான் அடுத்தடுத்து அடி விழும். ஆகவே ‘எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை’ என்று பெரியவர் சொல்வதும், ‘தினமும் பிரச்சினைதான்’ என்று மகள் சொல்வதும் இரண்டும் உண்மை. ஒரே வீடு, இரண்டு வரைபடம்.

இரண்டு, பிழைப்பு யார் கையில் இருக்கிறது? கூலி வேலை கொடுப்பவரே எதிராளி என்றால் புகார் கொடுக்க யோசிப்பார்கள். மாத சம்பளமோ, வெளியூர் வருமானமோ வந்தால்தான் காவல் நிலையப் படி ஏறும் தைரியம் வரும். அதனால் புகார் அதிகமாவது சில இடங்களில் நிலைமை மோசமானதற்கு அடையாளம் இல்லை, மக்கள் நிமிர்ந்ததற்கு அடையாளம்.

மூன்று, சில பாகுபாட்டுக்குக் குற்றவாளி என்று ஒருவரைக் காட்டவே முடியாது. குழாயில் தண்ணீர் வரும் நேரம், கழிவுநீர் வாய்க்கால் முடியும் இடம், குப்பை வண்டி திரும்பிப் போகும் மூலை, சுடுகாட்டுப் பாதையின் நிலை, இதெல்லாம் எந்த வழக்கு எண்ணிலும் வராது.

அபிஷேக் வாங்கிய அடி, கமலா வாங்கிய அடி என்று ஆளை வைத்துப் பேசினால் இந்த மூன்றாவது வகை கண்ணுக்கே படாது. தெருவை வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

2011-12 இந்திய மனித வளர்ச்சி ஆய்வில், தங்கள் வீட்டில் யாராவது தீண்டாமை கடைப்பிடிக்கிறார்களா என்று நேரடியாகவே கேட்டார்கள். நாட்டில் 27 சதவீத குடும்பங்கள் ஆமாம் என்றன. கிராமத்தில் சுமார் 30, நகரத்தில் சுமார் 20 சதவீதம். நகரத்தில் குறைகிறது, ஆனால் ஐந்தில் ஒரு வீடு என்பது சின்ன எண் இல்லை. அதுவும் வெளிப்படையாக ஒத்துக்கொண்டவர்கள் மட்டும்.

சாம் ஆஷர், பால் நோவோசாட் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் இந்தியா முழுவதும் 15 லட்சம் குடியிருப்புப் பகுதிகளை ஆராய்ந்து 2023-ல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு முக்கியமான விஷயத்தைச் சொன்னது. ஒரே நகரத்துக்குள்ளேயே, பட்டியல் சாதியினரும் முஸ்லிம்களும் அதிகம் வசிக்கும் பகுதிகளில் அரசுப் பள்ளி, மருத்துவமனை போன்ற வசதிகள் குறைவு. மாவட்ட சராசரியைப் பார்த்தால் இந்த வித்தியாசம் மறைந்துவிடுகிறது. ஊருக்கு நிதி வருகிறது, தெருவுக்குப் போய்ச் சேருவதில்லை.

அமெரிக்காவிலும் இதே கதை உண்டு. 1930-களில் கருப்பின மக்கள் வாழும் பகுதிகளை வரைபடத்தில் சிவப்பு நிறத்தில் குறித்து, அங்கே வீட்டுக்கடன் தருவது ஆபத்து என்று முத்திரை குத்தினார்கள். வீட்டு விற்பனை, வாடகையில் பாகுபாட்டைத் தடை செய்யும் தனிச் சட்டம் 1968-ல் அங்கே வந்தது. சட்டம் வந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகும், அந்தச் சிவப்பு வரைபடத்தின் தடம் பல நகரங்களில் தெரிகிறது.

சரி, நம்ம சட்டம் என்ன சொல்லுது?

பலருக்குத் தெரியாத சில விஷயங்கள் இங்கே இருக்கின்றன.

● அரசியல் சாசனத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. கடை, ஹோட்டல், கிணறு, குளம், சாலை ஆகியவற்றில் சாதி, மதம், பாலினம் பார்த்துத் தடுக்கக் கூடாது என்கிறது 15-வது பிரிவு.

● 1955-ன் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 4. எந்தப் பகுதியிலும் வீடு கட்டவோ, வாங்கவோ, குடியிருக்கவோ தீண்டாமையைக் காரணம் காட்டித் தடை போடுவது குற்றம் என்று இதில் இருக்கிறது. ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு.

● அதே சட்டத்தின் பிரிவு 12 இன்னும் முக்கியம. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால், அந்தச் செயல் தீண்டாமையின் அடிப்படையில் நடந்தது என்றே நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது எதிர்த்தரப்பு.

● 1989-ன் வன்கொடுமை தடுப்புச் சட்டம், 2015 திருத்தத்துக்குப் பிறகு, பொதுப் பாதை, சுடுகாடு, நீர்நிலை ஆகியவற்றைத் தடுப்பதையும், சமூகப் புறக்கணிப்பையும் குற்றமாக்கியிருக்கிறது. கடமையைச் செய்யாத அரசு ஊழியர் மீதும் நடவடிக்கை எடுக்கலாம்.

● இந்தச் சட்டத்தின் 1995 விதிகளின்படி, வன்கொடுமை நடக்க வாய்ப்புள்ள பகுதிகளை மாநில அரசு அடையாளம் காண வேண்டும். அதாவது, இடத்துக்கு இடம் நிலைமை மாறும் என்பதைச் சட்டமே ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அது பார்ப்பது வன்முறையை மட்டும்.

ஓட்டை எங்கே? முஸ்லிம் என்பதற்காக வீடு மறுக்கப்பட்டால், தீண்டாமைச் சட்டங்கள் உதவாது. தனியார் வாடகையில் பாகுபாட்டைத் தடுக்கும் பொதுவான தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. ஒரு சமூகத்தினருக்கு மட்டும் என்று வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் விதி வைத்துக்கொள்வது செல்லும் என்று 2005-ல், குஜராத்தின் பார்சி வீட்டுவசதிச் சங்க வழக்கில், உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

இன்னொரு சிக்கல் சாட்சி. சாதியைச் சொல்லி அவமதித்தது மற்றவர் பார்வையில் படும் இடத்தில் நடந்திருக்க வேண்டும் என்கிறது வன்கொடுமைச் சட்டம். நான்கு சுவருக்குள் நடந்தது இதில் வராது என 2020-ல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. கோயில் வாசலில் நடந்தால் நூறு சாட்சி. வாடகை வீட்டு ஹாலில் நடந்தால் ஒரு சாட்சியும் இல்லை. ஆகவே எங்கே நடந்தது என்பதைப் பொறுத்து சட்டத்தின் பலமே மாறுகிறது.

எல்லையைத் தாண்டினால்?

தெரு எல்லைகள் எவ்வளவு ஆபத்தானவை என்பதைக் கடலூர் மாவட்டத்துக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. 2003-ல் விருத்தாசலம் அருகே நடந்த கண்ணகி - முருகேசன் ஆணவக் கொலை இன்றும் மறக்கவில்லை. முருகேசன் பொறியியல் பட்டதாரி, தலித். கண்ணகி வன்னியர். பதிவுத் திருமணம் செய்துகொண்ட இருவரையும் விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள்.

தீர்ப்பு வர 18 ஆண்டுகள் ஆனது. 2021 செப்டம்பர் 24-ல் கடலூர் சிறப்பு நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது. கண்ணகியின் அண்ணனுக்கு மரண தண்டனை, 12 பேருக்கு ஆயுள். அதில் காவல்துறை அதிகாரிகளும் இருந்தார்கள். 2022-ல் உயர் நீதிமன்றம் மரண தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது.

புகாரைப் பதிவு செய்ய வேண்டிய காவல்துறையே ஊர் எல்லைக்கு ஏற்ப நடந்துகொண்டால், சட்டம் இருந்தும் 18 ஆண்டுகள் ஆகும் என்பதுதான் இதில் இருக்கும் பாடம்.

பெயரை மாற்றினால் போதுமா?

2025 ஏப்ரல் 29-ம் தேதி சட்டப்பேரவையில், ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களில் இருந்தும் பொதுப் புழக்கத்தில் இருந்தும் நீக்கப்படும் என்று முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார். அக்டோபரில், தெருக்கள், குடியிருப்புகள், நீர்நிலைகளில் இருக்கும் சாதிப் பெயர்களை நீக்குவதற்கான வழிகாட்டுதலுடன் அரசாணை வந்தது.

இதனால் பலன் உண்டா? உண்டு. வேலைக்கான விண்ணப்பத்தில், பள்ளிப் பதிவேட்டில், டெலிவரி ஆப்பில் விலாசம் எழுதும்போதே சாதி தெரிந்துவிடும் நிலை கொஞ்சம் மாறும். கூச்சமில்லாமல் முகவரி சொல்வது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் பலகை மாறுவதால் வாய்க்கால் மாறாது. பெயர் மாறி, அதே தெருவில் அதே குழியும் அதே இருட்டும் இருந்தால், சில வருடத்தில் புதுப் பெயரே ‘அந்தப் பக்கத்துக்கு’ அடையாளமாகிவிடும்.

எல்லையையே கலைக்கும் முயற்சியும் இங்கே நடந்திருக்கிறது. 1997-ல் கலைஞர் கருணாநிதி அரசு அறிவித்த சமத்துவபுரம் திட்டத்தில் ஒரு குடியிருப்புக்கு 100 வீடுகள். 40 தலித்துகளுக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு. பக்கத்துப் பக்கத்து வீடு, பொதுவான சுடுகாடு. யோசனை சரியானது. ஆனால் அவை ஊருக்குப் பக்கத்தில் புதிதாகக் கட்டிய குடியிருப்புகள். ஏற்கெனவே இருக்கும் தெருக்களைக் கலக்கும் வழியை நாம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

உங்களுக்கு நடந்தால் என்ன செய்யலாம்?

● வன்கொடுமை புகார்களுக்கான தேசிய உதவி எண் 14566. நாள் முழுவதும் இயங்கும்.

● எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். ரசீது கேட்டு வாங்குங்கள். நிலையத்தில் எடுக்கவில்லை என்றால் மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபால். வன்கொடுமை வழக்கை விசாரிக்க வேண்டியவர் டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி.

● வாடகை வீடு விஷயத்தில், வாட்ஸ்அப் செய்தி, விளம்பரப் படம், தேதி, நேரம் எல்லாவற்றையும் சேமித்து வையுங்கள். சாட்சி இல்லாத இடத்தில் இவைதான் சாட்சி.

● ஆட்சியர் தலைமையிலான மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். கூடியதா, என்ன பேசியது என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

● தெரு வசதி பற்றிய குறைகளுக்கு, உங்கள் வார்டையும் பக்கத்து வார்டையும் ஒப்பிட்டுக் கேளுங்கள். ‘எங்களுக்குத் தண்ணீர் வரவில்லை’ என்பது கோரிக்கை. ‘அங்கே தினமும், இங்கே வாரம் ரெண்டு நாள், ஏன்?’ என்பது பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்வி.

அடுத்து என்ன?

2027 கணக்கெடுப்பு முடிந்ததும், எந்த வார்டில் எந்தச் சமூகம் எவ்வளவு என்ற விவரம் கிடைக்கும். அதை வைத்து வாக்கு வங்கிக் கணக்கு போடுவதற்குக் கட்சிகள் தயாராகவே இருக்கும். கடலூர் மாநகராட்சியின் 45 வார்டுகளிலும் சிதம்பரம் நகராட்சியின் 33 வார்டுகளிலும், அந்த விவரத்தைக் குழாய், தெருவிளக்கு, மழைநீர் வடிகால், அங்கன்வாடி, சுடுகாட்டுப் பாதை ஆகியவற்றின் பட்டியலோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பது யார்?

அப்படிப் பார்க்க மாநகராட்சியிடமும் நகராட்சியிடமும் ஏற்கெனவே பதிவேடுகள் இருக்கின்றன. புதுச் சட்டம் தேவையில்லை. இரண்டு பட்டியலையும் ஒரே மேஜையில் வைத்தால் போதும். எந்தத் தெரு தொடர்ந்து கடைசியில் நிற்கிறது என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். தெரிந்த பிறகும் அதே தெரு கடைசியிலேயே நின்றால், அதற்குப் பெயர் கவனக்குறைவு இல்லை.